நெட்வொர்க் சர்வீஸ் மெமரியைத் தின்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராயபுரம், காசிமேடு, வண்ணாரப்பேட்டை, பெரம்பூர் பக்கம் கடைகளிலும் சின்ன ஆபீஸ்களிலும் லினக்ஸ் பெட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் நாலு பேர் குழு எங்களுடையது. ஒவ்வொரு பெட்டியிலும் நாங்களே சி மொழியில் எழுதிய ஒரு சின்ன சர்வீஸ் ஓடும். லினக்ஸில் இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜருக்கு மேலே உட்கார்ந்துகொண்டு, கேபிள் லைன் போனால் 4ஜி டாங்கிளுக்கு மாற்றுவதும், லைன் வந்தால் திருப்பி மாற்றுவதும்தான் அதன் வேலை. அந்த சர்வீஸ் மெமரியைக் கசியவிட்டது. மார்ச்சில் தொடங்கிய பிரச்சினையை ஜூலையில்தான் பிடித்தோம். நடுவில் இரண்டு மாதம் அதுவாகவே சரியாகிவிட்டது என்று நம்பி ஏமாந்தோம். அதற்குப் பிறகு குழுவில் சேர்ந்தவர்களும், இதே மாதிரி வேலை செய்யும் நண்பர்களும் கேட்ட கேள்விகள் இங்கே இருக்கின்றன.

மெமரி லீக் என்றால் சரியாக என்ன?

மீன் ஏலக்கூடத்தில் பிளாஸ்டிக் கிரேட் வாங்கிப் போகிறவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் தினம் பத்து கிரேட் எடுத்துக்கொண்டே போனால் ஒரு நாள் யாருக்கும் கிரேட் இருக்காது. புரோகிராம் மெமரி கேட்டு வாங்கி, தேவை முடிந்த பிறகும் விடாமல் வைத்திருப்பதுதான் லீக்.

இதில் இரண்டு வகை உண்டு. எடுத்த கிரேட் எங்கே போனது என்று எடுத்தவருக்கே தெரியாதது ஒன்று. எல்லாவற்றையும் தன் குடோனில் ஒழுங்காக அடுக்கி, கணக்கும் எழுதி வைத்துக்கொண்டு திருப்பித் தராமல் இருப்பது இன்னொன்று. இரண்டாவது ஆளைப் பிடிப்பதுதான் கஷ்டம். எங்களுக்கு வாய்த்தவர் அவர்தான்.

ஓடும் புரோகிராம்களைப் பட்டியலிடும் டாப் கட்டளையில் சர்வீஸ் பக்கத்தில் பெரிய எண் தெரிகிறது. லீக்தானே?

பெரும்பாலும் இல்லை. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் முதலில் ‘விர்ட்’ என்ற பத்தியைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். அது புரோகிராம் முன்பதிவு செய்து வைத்திருக்கும் முகவரி இடம் மட்டுமே. 64 பிட் லினக்ஸில் மெமரி பிரித்துக் கொடுக்கும் சி லைப்ரரியான ஜிலிப்சி, திரெட்டுகளுக்காகப் புது அரீனா (மெமரிக் கிடங்கு) திறக்கும்போது ஒவ்வொன்றுக்கும் 64 எம்பி முகவரி இடத்தைப் பிடித்து வைக்கும். நாலு திரெட் இருந்தால் அந்தப் பத்தியில் கால் ஜிபி சும்மாவே ஏறி நிற்கும். உண்மையில் ராமில் உட்கார்ந்திருப்பது ‘ரெஸ்’ பத்தியில் தெரியும். அதிலும் மற்ற புரோகிராம்களோடு பகிர்ந்துகொள்ளும் லைப்ரரிகளின் பங்கு கலந்திருக்கும்.

‘ஃப்ரீ’ கட்டளையும் இப்படித்தான் ஏமாற்றும். ‘ஃப்ரீ’ பத்தியில் 40 எம்பிதான் மிச்சம் என்று போன் வரும். லினக்ஸ் காலியாக இருக்கும் ராமை எல்லாம் டிஸ்க் கேஷுக்கு எடுத்துக்கொள்ளும், யாராவது கேட்டால் விட்டுக்கொடுக்கும். பார்க்க வேண்டியது ‘அவெய்லபிள்’ பத்தி. அது நன்றாக இருந்தால் போனை வைத்துவிட்டு டீ குடிக்கப் போகலாம்.

அப்படியானால் எந்த எண்ணை நம்புவது?

ப்ராக் கோப்பகத்தில் அந்த ப்ராசஸின் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமின்) எண்ணுக்குள் போனால் ‘ஸ்டேட்டஸ்’ என்று ஒரு கோப்பு இருக்கும். அதில் ‘ஆர்எஸ்எஸ்அனான்’ என்ற வரியைத்தான் நான் பார்ப்பேன். கோப்புகள், லைப்ரரிகள் நீங்கலாக, புரோகிராம் தானே கேட்டு வாங்கிய ராம் எவ்வளவு என்று சொல்லும். லினக்ஸின் மையப் பகுதியான கர்னலில், 4.5 முதல் இந்த வரி இருக்கிறது. 4.14 அல்லது அதற்குப் பிறகு வந்த கர்னலாக இருந்தால் ‘ஸ்மாப்ஸ்_ரோலப்’ கோப்பும் கிடைக்கும். பகிர்ந்த பக்கங்களைப் பங்கு பிரித்துக் கணக்குச் சொல்வதால் அதுவும் நல்லது.

ஆனால் ஒரு தடவை பார்த்த எண்ணால் பயனில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நேரத்தோடு சேர்த்து அந்த எண்ணை ஒரு கோப்பில் எழுதும்படி, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் க்ரானில் ஒரு வரி போடுங்கள். ஒரு வாரம் ஓடட்டும். அதற்கு முன்னால் சர்வீஸின் நிரலைத் திறந்து பார்ப்பது வீண் வேலை. நாங்கள் முதல் மூன்று வாரம் அந்த வீண் வேலையைத்தான் செய்துகொண்டிருந்தோம்.

அந்த எண்களைப் படமாக வரைந்தால் அதில் என்ன தேட வேண்டும்?

கோடு எப்போது ஏறுகிறது என்று. எவ்வளவு ஏறுகிறது என்பது அப்புறம். தொடங்கிய முதல் மணி நேரம் ஏறி, பிறகு சமமாக நின்றால் அது லீக் இல்லை, கேஷ் நிரம்புகிறது. நாள் முழுக்க ஒரே சாய்வில் ஏறினால் டைமர் வைத்து ஓடும் ஏதோ ஒரு வேலை காரணம். படிக்கட்டு மாதிரி ஏறினால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. ஒவ்வொரு படியிலும் ஒரு சம்பவம் ஒளிந்திருக்கிறது. அந்த நேரத்தில் அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று விசாரித்தால் பாதி வேலை முடிந்தது.

விசாரிப்பது என்றால் கம்ப்யூட்டரை மட்டும் விசாரிப்பது இல்லை.

காசிமேட்டு ஐஸ் கடைக் கதையைக் கொஞ்சம் சொல்ல முடியுமா?

எல்லோரும் கேட்பது இதைத்தான். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஐஸ் கடை. பில் போடும் பெட்டி ஒன்று, 1 ஜிபி ராம். பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒரு முறை விடியற்காலையில் பில்லிங் சாஃப்ட்வேர் பொசுக்கென்று மூடிக்கொள்ளும். கடைக்கார அண்ணன் போன் போடுவார்: “இன்னா தம்பி, பொட்டி திரும்பவும் தூங்கிடுச்சு.” அவர் பவர் சுவிட்சை அணைத்துப் போடுவார், வேலை நடக்கும். நாங்கள் போய்ச் சேரும்போது எல்லாம் புதிதாகத் தொடங்கியிருக்கும். தடயம் எதுவும் மிச்சமிருக்காது.

ராயபுரத்தில் எங்கள் அறையில் அதே மாதிரிப் பெட்டி, அதே வெர்ஷன். பத்து நாள் ஓடவிட்டோம். கோடு தரையோடு தரையாகக் கிடந்தது.

ஏப்ரல் நடுவில் பிரச்சினை நின்றுபோனது. அதற்குச் சில நாள் முன்புதான் ஒரு லைப்ரரியை அப்டேட் செய்திருந்தோம். அதுதான் சரி செய்தது என்று முடிவு கட்டி, வேலைப் பட்டியலில் டிக் அடித்துவிட்டோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பது வடசென்னையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். விசைப்படகு போகாது, ஐஸ் தேவை விழுந்துவிடும். அதைப் பெட்டியோடு சேர்த்துப் பார்க்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஜூன் கடைசி வாரம் மறுபடியும் போன் வந்தது.

இந்த முறை பெட்டியிலேயே க்ரான் வரியைப் போட்டோம். ஒரு வாரக் கோப்பைப் படமாக வரைந்தபோது படிக்கட்டு தெரிந்தது. பகலெல்லாம் சமமாகக் கிடந்த கோடு இரவு 2 மணிக்கு ஏறத் தொடங்கி 6 மணிக்கு நிற்கிறது. ஒரு இரவுக்குச் சுமார் 35 எம்பி. 2 மணிக்கு என்ன நடக்கிறது என்று அண்ணனைக் கேட்டேன். “இன்னா நடக்கும், ஐஸ் உடைக்கிற மிஷின் ஓடும்” என்றார்.

ஐஸ் உடைக்கும் மிஷினுக்கும் மெமரிக்கும் என்ன சம்பந்தம்?

கடல் காற்று. கேபிள் முனையில் இருந்த ஆர்ஜே45 கனெக்டரின் பித்தளை நிறக் கம்பிகள் பச்சை பூத்துப் போயிருந்தன. மிஷின் ஓடும்போது மேஜை அதிரும், தொடுப்பு விட்டு விட்டுப் போகும். சிஸ்டம் பதிவேடான ஜர்னலில் பார்த்தால் நாலு விநாடிக்கு ஒரு முறை கேரியர் (கேபிளில் தொடுப்பு இருப்பதற்கான அடையாளம்) போய் வந்திருக்கிறது. ஒரு இரவுக்குச் சுமார் 3,500 தடவை.

35 எம்பியை 3,500ஆல் வகுங்கள். ஒரு தடவைக்கு 10 கேபி. அடுத்த இரவுக்கும் அதற்கடுத்த இரவுக்கும் வகுத்துப் பார்த்தோம், அதே 10 கேபி. இரண்டு எண்களுக்கும் நடுவே இப்படி ஒரு மாறாத விகிதம் கிடைத்துவிட்டால் அப்புறம் சந்தேகத்துக்கு இடமில்லை. லைன் வரும் ஒவ்வொரு முறையும் நம் சர்வீஸ் 10 கேபியை எடுத்து வைத்துக்கொள்கிறது. எங்கள் அறையில் கேபிள் நல்ல கேபிள், அதனால்தான் அங்கே ஒன்றும் தெரியவில்லை.

கனெக்டரை மாற்றிவிட்டால் பிரச்சினை முடிந்ததா?

அண்ணனுக்கு முடிந்தது. எங்களுக்கு இல்லை. அதே சர்வீஸ் இன்னும் பல கடைகளில் ஓடுகிறது. எண்ணூர், திருவொற்றியூர் வரை கடலோரம்தான், அங்கேயும் கம்பி பச்சை பூக்கும். கனெக்டரைக் கொஞ்சம் கேபிளோடு சேர்த்து அறுத்துப் பையில் போட்டுக்கொண்டு, புதிது அடித்துக் கொடுத்துவிட்டு வந்தேன். அது இன்னும் என் மேஜை டிராயரில் இருக்கிறது.

இதை மேஜையில் உட்கார்ந்தபடி எப்படித் திரும்ப வரவழைப்பது?

முதலில் நான் கேபிளைக் கையால் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினேன். ஐம்பதாவது தடவையில் சலித்துவிட்டது. இன்டர்ஃபேஸை ஐபி கட்டளையால் இறக்கி ஏற்றுவதும் சரியான சோதனை இல்லை. அது நிர்வாகி அணைத்ததாகப் பதிவாகும். கேபிள் விட்டுப்போவது வேறு சம்பவம், நம் நிரலுக்குள் வேறு வழியாக வரும்.

சரியான வழி வீத் ஜோடி. ஒரு கேபிளின் இரண்டு முனை மாதிரி இரண்டு மெய்நிகர் கார்டுகள். ஒரு முனையை இறக்கினால் மறு முனை கேரியரை இழக்கும், கேபிள் விட்டுப்போன மாதிரியே. மறு முனையை சர்வீஸிடம் கொடுத்துவிட்டு, இந்த முனையை ஒரு லூப்பில் ஆயிரம் தடவை இறக்கி ஏற்றினோம். 12 எம்பியில் இருந்தது 22 ஆனது. இன்னொரு ஆயிரம், 32. நாலு மாதமாகப் பிடிபடாதது கால் மணி நேரத்தில் மேஜைக்கு வந்தது.

மெமரித் தப்புகளைத் தேடும் வால்கிரின்ட் கருவியை ஓட்டினால் உடனே காட்டிவிடாதா?

முதலில் உச்சரிப்பு. நம் ஆட்கள் எல்லோரும் மாவரைக்கும் கிரைண்டரை நினைத்து வால்கிரைண்ட் என்கிறார்கள். எழுதியவர்கள் சொல்வது வால்கிரின்ட். சரி, விஷயத்துக்கு வருவோம்.

அதன் மெம்செக் கருவி ஒவ்வொரு மெமரி அணுகலையும் கவனிப்பதால் புரோகிராம் 20, 30 மடங்கு மெதுவாகும். கடையில் ஓடும் பெட்டியில் அதைச் செய்ய முடியாது, மேஜையில்தான். டீபக் சிம்பல்களோடு (ஃபங்ஷன் பெயர், வரி எண் விவரங்களோடு) கட்டிய பைனரி வேண்டும், இல்லையென்றால் வெறும் முகவரி எண்களைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். பழைய ஜிலிப் (முன்பு சொன்ன ஜிலிப்சி இல்லை, இது வேறு லைப்ரரி) வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. ஜிலிப் 2.76க்கு முன் அது சின்னச் சின்ன மெமரித் துண்டுகளுக்குத் தனியாக ஒரு ஸ்லைஸ் அலகேட்டர் வைத்திருந்தது. ‘ஜி_ஸ்லைஸ்’ என்ற சூழல் மாறிக்கு ‘ஆல்வேஸ்-மாலக்’ என்று மதிப்புக் கொடுத்துவிட்டு ஓட்டினால்தான் அறிக்கை உருப்படியாக இருக்கும்.

அறிக்கை நாலு தலைப்பில் வரும்: உறுதியாகத் தொலைந்தவை, அவற்றின் வழியாகத் தொலைந்தவை, தொலைந்திருக்கலாம் என்பவை, இன்னும் எட்டக்கூடியவை. முதல் தலைப்பில் ஏதாவது இருந்தால் கொண்டாடுங்கள், வரி எண்ணோடு கையில் கொடுத்துவிடும். எங்களுக்கு நாலிலும் பூஜ்யத்துக்குப் பக்கம்தான் வந்தது. ஆயிரம் தடவை லைன் விட்டுப்போய் 10 எம்பி ஏறிய அதே ஓட்டத்தில், ஒரு பைட் கூடத் தொலையவில்லை என்று சான்றிதழ்!

அது எப்படி?

குடோன்காரர் கதைதான். சர்வீஸை நிறுத்தும்போது அது தன் பொருள்களை எல்லாம் ஒழுங்காக விடுவித்துவிட்டுத்தான் போகிறது. வால்கிரின்ட் வழக்கமாகக் கணக்குப் பார்ப்பது அதற்கு அப்புறம், கடைசியில். குடோனைக் காலி செய்து பெருக்கிய பிறகு போய்ப் பார்த்தால் ஒரு கிரேட் கூட இருக்காது.

அதனால் ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்க வேண்டும். அதற்கு இரண்டு கருவிகள் போதும்: வால்கிரின்டிலேயே இருக்கும் மாசிஃப், இல்லையென்றால் ஹீப்ட்ராக். ஹீப்ட்ராக் வேகம், படமும் அழகாக வரும், எனக்கு அதுதான் பிடிக்கும். இரண்டுமே தொலைந்ததா இல்லையா என்று கேட்பதில்லை. இந்த நிமிடம் யார் கையில் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும். ஆயிரம் தடவை லைனை விட்டுவிட்டுப் பார்த்தபோது மெமரியின் பெரும்பகுதி ஒரே ஃபங்ஷனின் பெயரில் நின்றது. லைன் வந்ததும் ஐபி அமைப்பு, டிஎன்எஸ் பட்டியல், டிஹெச்சிபி விவரம் எல்லாவற்றையும் நகல் எடுக்கும் ஃபங்ஷன் அது.

கடைசியில் தப்பு எங்கே இருந்தது?

ஒரே ஒரு வரியில். லைன் வந்ததும் அந்த நகலை எடுத்து, நெட்வொர்க் கார்டைக் குறிக்கும் டிவைஸ் பொருளின் சிக்னலோடு (அது அனுப்பும் அறிவிப்போடு) ஒரு ஹேண்ட்லரை (அறிவிப்பு வந்தால் ஓடும் ஃபங்ஷனை) இணைத்திருந்தோம். லைன் போகும்போது ஹேண்ட்லரைக் கழற்றவில்லை. அடுத்த முறை லைன் வந்தால் இன்னொரு ஹேண்ட்லர், இன்னொரு நகல். டிவைஸ் பொருள் உயிரோடு இருக்கும்வரை அத்தனையும் அதன் பட்டியலில் தொங்கும். எழுதியது நான்தான்.

இதற்கு இன்னொரு தடயம் முதலிலிருந்தே கண் முன்னால் இருந்தது. கடையில் பத்து நாள் ஓடிய பெட்டியில் சர்வீஸின் சிபியு பயன்பாடும் ஏறியிருந்தது. ஒவ்வொரு சிக்னலுக்கும் ஆயிரக்கணக்கான ஹேண்ட்லர்கள் ஓடினால் ஏறாமல் என்ன செய்யும். மெமரியும் சிபியுவும் சேர்ந்து ஏறினால், தொலைந்த மெமரியைத் தேடாதீர்கள். வளரும் பட்டியலைத் தேடுங்கள். தொலைந்ததை யாரும் ஒவ்வொன்றாகப் போய்ப் பார்ப்பதில்லை, அதற்கு சிபியு செலவாகாது.

லைன் போகும்போது ஹேண்ட்லரைக் கழற்றும் ஒரு வரியைச் சேர்த்தோம்.

பில்லிங் சாஃப்ட்வேர் ஏன் மூடிக்கொண்டது? தப்பு சர்வீஸுடையதுதானே?

ராம் தீர்ந்ததும் கர்னலின் ஓஓஎம் கில்லர் யாரையாவது பலி கொடுக்கும். யார் குற்றவாளி என்று அது பார்ப்பதில்லை, யார் அதிகம் வைத்திருக்கிறார் என்றுதான் பார்க்கும். பில்லிங் சாஃப்ட்வேர் எப்போதுமே பெரியது. அதனால் அது போனது, சர்வீஸ் தப்பித்தது. டிமெசேஜ் என்ற கர்னல் பதிவில் ‘அவுட் ஆஃப் மெமரி’ என்ற வரியைத் தேடுங்கள். செத்தவர் பெயரோடு, அந்த நேரத்தில் இருந்த எல்லா ப்ராசஸ்களின் பட்டியலும் கிடைக்கும். அந்தப் பட்டியலில் வழக்கத்தைவிடப் பெருத்திருப்பவர்தான் நீங்கள் தேடும் ஆள்.

கடையில் ஓடும் பெட்டியிலேயே பார்த்தாக வேண்டும் என்றால்?

கர்னலுக்குள் சின்னப் புரோகிராம்களை ஓட்டிக் கவனிக்கும் ஈபிபிஎஃப் வழியாக ஓடும் ‘மெம்லீக்’ என்ற கருவி பிசிசி தொகுப்பில் இருக்கிறது. சர்வீஸை நிறுத்தாமல், விடுவிக்கப்படாத அலகேஷன்களை ஸ்டாக்கோடு காட்டும். சில நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள், அதற்கும் சுமை உண்டு.

கோர் டம்ப் (புரோகிராமின் மெமரியை அப்படியே கோப்பாக்கியது) எடுத்து வந்து நிதானமாகப் பார்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள். பார்க்கலாம், ஆனால் நெட்வொர்க் சர்வீஸின் மெமரிக்குள் வைஃபை பாஸ்வேர்டும் விபிஎன் ரகசியமும் அப்படியே எழுத்தாகக் கிடக்கும். அதை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு “யாராவது பாருங்க ப்ரோ” என்று கேட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம்.

லீக் இல்லாமலே மெமரி ஏறி நிற்க முடியுமா?

முடியும். மெமரி துண்டு துண்டாகச் சிதறிவிட்டால், புரோகிராம் விடுவித்ததை ஜிலிப்சி கர்னலிடம் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருக்கும். சோதிக்க எளிய வழி, மேஜைப் பெட்டியில் ஜிடிபி என்ற டீபக்கரை இணைத்து ‘மாலக்_ட்ரிம்’ ஃபங்ஷனை பூஜ்யத்தோடு கூப்பிடுவது. எண் சடாரென்று இறங்கினால் அது சிதறல்தான். எங்களுக்கு அசையவே இல்லை.

தினம் ராத்திரி சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யும்படி வைத்துவிட்டால் போதாதா?

காரணம் தெரியும்வரை கட்டுப் போட்டுக்கொள்ளலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் க்ரானைவிட, சர்வீஸ்களைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டி நல்லது. சர்வீஸின் அமைப்பு எழுதியிருக்கும் யூனிட் கோப்பில் ‘மெமரிமேக்ஸ்’ என்று ஒரு வரம்பு வையுங்கள், கூடவே தவறி விழுந்தால் மறுபடி தொடங்கும்படி ‘ரீஸ்டார்ட்’ வரியையும் சேருங்கள். வரம்பைத் தாண்டினால் அந்த சர்வீஸ் மட்டும் சாகும், மறுபடி எழும். பில்லிங் சாஃப்ட்வேர் பலியாகாது. எப்போதெல்லாம் செத்தது என்று ஜர்னலில் நேரத்தோடு பதிவாகும், அதுவே ஒரு படிக்கட்டு.

நெட்வொர்க்மேனேஜரையே ரீஸ்டார்ட் செய்வதாக இருந்தால், கேபிள் இணைப்பு பொதுவாக அறுபடாது, வைஃபை ஒரு முறை விட்டுப்போய் வரும். தூரத்திலிருந்து வைஃபை வழியாக உள்ளே போயிருக்கும்போது அதைச் செய்துவிட்டு, வியாசர்பாடி வரை பைக்கில் போக நேராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரஸ்ட், கோ, பைத்தான் என்று எழுதியிருந்தால் இது வந்திருக்குமா?

வந்திருக்கும். கோ, பைத்தான் மாதிரி மொழிகளில் பயன் முடிந்த மெமரியைத் தானே விடுவிக்கும் ‘குப்பை பொறுக்குபவர்’ (கார்பேஜ் கலெக்டர்) இருந்தாலும், அவர் யாருக்கும் தேவைப்படாததைத்தான் எடுப்பார். பட்டியலில் தொங்கும் ஹேண்ட்லர் தேவைப்படுகிறது என்றுதான் எந்த மொழியும் நினைக்கும்.

சரி செய்த பிறகு எவ்வளவு நாள் கவனிப்பது?

நாள் கணக்கு வேண்டாம், சம்பவக் கணக்கு வையுங்கள். கேபிள் விட்டுப்போகாமல் ஒரு வருடம் ஓடினாலும் எதுவும் நிரூபணம் ஆகாது. எங்கள் தடைக்காலம் மாதிரித்தான். வீத் ஜோடியில் பத்தாயிரம் தடவை இறக்கி ஏற்றினோம். 12 எம்பியில் தொடங்கி 13க்குப் போய் அங்கேயே நின்றது.

அப்புறம் டிராயரில் இருந்த பச்சை பூத்த கனெக்டரை எடுத்து, வேறொரு கேபிளோடு ஒட்டுப் போட்டு, அறைப் பெட்டியில் செருகி, பக்கத்தில் ஒரு பழைய மிக்ஸியை ஓடவிட்டோம். இரண்டு மணி நேரத்தில் லைன் ஆயிரத்துச் சொச்சம் தடவை போய் வந்தது. 13லேயே இருந்தது. பக்கத்து வீட்டு அக்கா கதவைத் தட்டி, ராத்திரி பதினோரு மணிக்கு என்னத்தை அரைக்கிறீர்கள் என்று கேட்டதும் நிறுத்திவிட்டோம்.